பதிப்புக்கு ஒரு எக்ஸ்டென்ஷன்

எங்கள் முதலாளி அரசு அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் குப்பை கொட்டியவர். ஓய்வுபெற வேண்டிய நாள் வந்தபோதும் ஆள் பிடித்து நீட்டிப்பு வாங்கி, நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தார். அதை வெட்கமில்லாமல் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். பிறகு நாகர்கோவிலில் சாஃப்ட்வேர் நிறுவனம் தொடங்கினார். கம்ப்யூட்டரை அவருக்கு ஆன் செய்யத் தெரியும். அணைக்க என்னைக் கூப்பிடுவார்.

சின்ன மருத்துவமனைகளுக்கு நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள் எங்களுடையது. விவரங்கள் எல்லாம் வாடகைக்கு எடுத்த கிளவுடில் ஒரு டேட்டாபேஸில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒக்கிப் புயலுக்கு அடுத்த வருடம் கிளவுட் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் டேட்டாபேஸ் பதிப்புக்கு ஆதரவு முடிகிறது, நாங்களாகப் புதிய பதிப்புக்கு மாறாவிட்டால் கெடு முடிந்ததும் அவர்களே மாற்றிவிடுவார்கள் என்று தேன் தடவிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். முதலாளியிடம் சொன்னேன்.

"ரிட்டயர்மெண்டுதானே மக்களே? எக்ஸ்டென்ஷன் வாங்கிருவோம்," என்றார்.

சிரித்துத் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

நகல் ஒன்றைப் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு போய்விட்டது. கடற்கரையோரம் ஒரு கண் மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர். அங்கே வரும் வயதானவர்கள் பலர் எந்தத் திருநாளை ஒட்டிப் பிறந்தோம் என்பதைச் சொல்வார்கள், வருடம் தெரியாது. 'தெரியாது' என்று அழுத்தினால் பிறந்த தேதி முழுக்கப் பூஜ்யமாக விழும்படி எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவிட்டுப் போயிருந்தார். பழைய பதிப்பு அதை வாயை மூடிக்கொண்டு விழுங்கியது. புதியதோ பூஜ்யத்தைத் தேதியாகவே ஏற்காது. அந்த ஆட்களின் பதிவில் எதைத் தொட்டாலும் பிழை என்று திருப்பி அனுப்பியது. ஒருமுறை பதிந்த பிறந்த தேதியை மருத்துவமனையில் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டச் சொன்னதும் எங்கள் மகானுபாவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மென்பொருளை நிறுத்தினால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

"நல்லா ஓடிட்டிருக்கத எதுக்குப் போட்டு நோண்டுக? ஆஸ்பத்திரி டாக்டரு என்ன நெனைப்பாரு?"

எங்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதல் கேள்வி "அங்க நம்ம ஆளு ஆரு இருக்கா?" என்பதுதான். மின் இணைப்புக்கும் கல்லூரி இடத்துக்கும் அப்படித்தான். முதலாளி கிளவுடுக்கும் ஆள் தேடினார். அவர் மனைவியின் தங்கை மருமகன் பெங்களூரில் அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறாராம். என்ன வேலை என்று விசாரித்தேன். ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளை மேற்பார்க்கிறவர்.

"அதுக்கென்ன? மேனேஜரு அவன் வண்டியிலதானே போவாரு. ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாப் போச்சு, கேட்டியா."

இந்த மனிதரிடம் சம்பளம் வாங்குகிறேனே என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கெடு முடிந்த திங்கட்கிழமை கண் மருத்துவமனையில் இலவசப் புரை அறுவை சிகிச்சை. திருவனந்தபுரத்து டாக்டர் மதியம் வரைதான் இருப்பார். கடியப்பட்டணத்திலிருந்து முதியவர்களை வேனில் கூட்டி வந்திருந்தார்கள். செலவை ஏற்ற அறக்கட்டளைக்குக் கம்ப்யூட்டரில் அச்சிட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாமல் யாரும் தியேட்டருக்குள் போக முடியாது. காலையில் வரவேற்பில் இருந்த பெண் போன் செய்தாள். "யக்கா, பொறந்த தேதி இல்லாதவிய ஆருக்கும் சீட்டு வரமாட்டேங்கு."

கிளவுட் நிறுவனம் விடியுமுன்பே பதிப்பை மாற்றிவிட்டிருந்தது. பூஜ்யத்தை ஏற்கும்படி டேட்டாபேஸில் ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும், சில நிமிட வேலை. ஆனால் உள்ளே நுழையும் ரகசிய எண் முதலாளியின் போனுக்குத்தான் வரும். சாவி தன் இடுப்பில் இருந்தால்தான் தான் முதலாளி என்பது அவர் நினைப்பு. அந்தப் போன் அவர் மனைவியின் கைப்பையில், மார்த்தாண்டத்தில், அந்த வண்டி மேற்பார்வையாளரின் புது வீட்டுப் பால்காய்ச்சில் இருந்தது. முதலாளி எக்ஸ்டென்ஷனுக்கு நேரில் சொல்லப் போயிருந்தார். நான் அடித்து அடித்து ஓய்ந்தேன்.

சாப்பிட்டு எழுந்த பிறகு எடுத்தார். எண்ணைச் சொன்னார். மாற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். டாக்டர் புறப்பட்டுவிட்டார், வேனும் போய்விட்டது.

மாலையில் முதலாளி தேங்காய்ப் பையோடு வந்து, "பய மேனேஜருகிட்ட சொல்லுகேன்னு ஏத்துக்கிட்டான்," என்றார். காலையிலேயே மாற்றிவிட்டார்கள், சிகிச்சைக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "நாம ஒரு வாரம் முன்னாடியே போயிருக்கணும்," என்றார். அந்தப் பையை அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது.

சீட்டு இப்போது வருகிறதா என்று பார்க்க அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். வருகிறது என்றாள். டாக்டர் இனி மழைக்காலம் கழிந்துதான் வருவாராம். திரும்பிப் போனவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மற்றதும் மங்கிவிட்டதால் மகள் கையைப் பிடித்துத்தான் நடக்கிறார். அவர் சண்டை போடவில்லையா என்று கேட்டேன்.

"இல்லக்கா. வேன்ல ஏறும்போ, 'பொறந்த தேதி வேணும்னா ஆரப் போய்ப் பாக்கணும் மக்கா, அங்க நம்ம ஆளு ஆராச்சும் உண்டா'ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."