கடம்ப மரத்துச் சுரைக்காய் ஆந்தை

தீதார் சிங்குக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? பரத்பூர் பறவைக்காட்டில் நானும் இருபது வருடமாகச் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறேன். வருகிறவர்களோ வந்து இறங்கியதும், "அந்தச் சர்தார் எங்கே?" என்கிறார்கள். முன்னால் போகிற மாடுகூடத் தெரியாத மூடுபனியில் அந்தக் கிழவர், "இடது பக்கம் வரித்தலை வாத்து" என்பார். பனி விலகினால் வாத்து அங்கேதான் இருந்து தொலைக்கும்.

வாசல் டீக்கடையில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. இல்லாத பறவையைக் காட்டியவன் அந்தப் பனிக்காலம் முழுக்கச் சவாரி வரிசையில் கடைசி. ஒருவனை ஏமாற்றப் பொறி வைத்து அது பிடிபட்டால், வைத்தவன் பிடித்தவன் சொன்னதைச் செய்ய வேண்டும். கிழவரைக் கடைசிக்குத் தள்ளியே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

காய்ந்த சுரைக்காய்க்குச் சாம்பல் நிறம் பூசி, மஞ்சள் கண் வரைந்து, மூக்கு ஒட்டினேன். "வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னா மட்டும் இடுப்பு வலி வந்துடும்" என்றாள் என் மனைவி. சாயங்காலமே போய் அதைக் கடம்ப மரத்துப் பொந்தில் உட்கார வைத்தேன். போன வருடம் நிஜ ஆந்தை இருந்த பொந்து அது.

மறுநாள் காலை கல்கத்தாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் சர்தார் வண்டியில் ஏறினார். கணவரும் அவர் தொந்தியும் கேமராவும் என் வண்டியில். கடம்ப மரத்தருகே வந்ததும் நான் அப்பாவியாகக் கேட்டேன்.

"சர்தார், பொந்துல என்னவோ உக்காந்திருக்காப்ல இருக்கே?"

அம்மாள் தொலைநோக்கியைத் தூக்கினார். "ஆந்தை. கண்ணு நல்லாத் தெரியுது."

சர்தார் வண்டியை நிறுத்தினார். நிமிரக்கூட இல்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன.

"அது ஆந்தை இல்ல தீதி" என்றார் அந்த அம்மாளிடம். "ஆந்தை இருந்தா இந்தக் குருவிங்க இவ்வளவு சாவகாசமா மேயுமா? சுத்தி நின்னு வஞ்சு ஊரையே கூட்டியிருக்கும். இது எவனோ வேலையத்தவன் வச்சது."

சொல்லிவிட்டு நேராக என் பக்கம் திரும்பினார். தொந்திக்காரர் சுரைக்காயை விட்டுவிட்டு என் முகத்தைப் படம் எடுத்தார்.

மாலை டீக்கடையில் என் மானம் கப்பலேறியது. எங்கள் வரிசை ரிக்‌ஷாக்காரன் ஹர்ஃபூல் சிரித்த சிரிப்பில் கச்சோரி புரையேறிவிட்டது. "கிஷோரிக்கு என்ன தண்டனை, சொல்லு சர்தார்" என்றான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அவர்.

எல்லோரும் கிளம்பிய பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தச் சுரைக்காய்க்கு என்ன கலர்டா அடிச்ச?"

"நீதான் பாத்தியே."

"எங்க பாத்தேன்? மரமே நிழலாத்தான் தெரிஞ்சுது."

இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருடமாகத் தடத்தைக் காலாலும் பறவையைக் காதாலும் கண்டுபிடித்து வண்டி ஓட்டியிருக்கிறார், பாவி மனுஷன். வெளியே தெரிந்தால் அவர் வண்டியில் ஒருவரும் ஏற மாட்டார்கள். நான் வாயைத் திறந்தால் போதும், அவர் பிழைப்பு அம்பேல்.

"இதைப் போய் எங்கிட்ட சொல்றியே? நான் ஊதிட்டா?"

"ஊத மாட்ட. தண்டனை பாக்கி இருக்கு. நாளைக்கு என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற. நான் திரும்பி வர்ற வரைக்கும் என்னைத் தேடி வர்றவங்களை நீதான் ஏத்தணும். கேட்டா, சர்தார் கல்யாணத்துக்குப் போயிருக்கார்னு சொல்லு."

"எனக்கு அவ்வளவா பறவை தெரியாதே சர்தார்."

"தவிட்டுக்குருவியைக் கேளு. அந்த ஆந்தையை மட்டும் எடுத்துடாத."

ஒரு மாதம் நாக்குத் தள்ள மிதித்தேன். கல்யாணத்தைப் பற்றி விதவிதமாகப் புளுகினேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்த அன்று, என் வண்டியில் விருந்தாளி போலக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "கடம்ப மரத்துக்கு விடு" என்றார்.

மரத்தடியில் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். சுரைக்காயின் தலைமேல் ஒரு தவிட்டுக்குருவி உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

"மூக்கு கோணல்டா கிஷோரி" என்றார்.

இருபது வருடத்தில் அவர் சொல்லி எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை.