பிடுங்காமல் இருப்பதற்கு ஒரு படிப்பு

கராம்பு வாசம் வந்தால் இன்றைக்கும் என் வலது கன்னம் ஒரு தரம் சிலிர்த்துக்கொள்ளும்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. கீழ்வரிசைக் கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. அம்மா கராம்பைத் தட்டி அதில் வைத்து, பழைய சேலைத் துணியால் கன்னத்தையும் தலையையும் சேர்த்துக் கட்டிவிடுவார். அந்தக் கட்டோடு பனியில் நடந்து பள்ளிக்கூடம் போனால்...

"டோய், பொட்டலம் வருது!" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் அக்காவுக்குப் பல் பிடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, குறடு உள்ளே போனது. அவள் போட்ட சத்தம் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் கேட்டதாம். மருந்து கொடுக்கும் ஐயாவைக் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம் எல்லாம் அவர் ஒருவர் தலையில். பல்லுக்கென்று அவர் படித்தவரில்லை.

"சனிக்கிழம புடுங்கிருவோம்" என்று அம்மா முடிவு செய்துவிட்டார்.

அதற்குள் ஒரு செய்தி வந்தது. பிள்ளைகளின் பல்லைப் பார்க்க ஒரு லேடி டொக்டர் கொட்டகலைக்கு வருகிறாராம், ஒரு நாள் மட்டும். அம்மா கங்காணியிடம் போய் லீவு கேட்டார்.

"பால்பல்லுக்கெல்லாமா லீவு? நூலக் கட்டிக் கதவுல மாட்டி இழு புள்ள."

"எங்க லயத்துக் கதவு கையோட வந்துரும்ங்க ஐயா, பல்லு வராது."

கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, போ. மத்தியானக் கொழுந்து நெறுவைக்கு வந்து சேரணும், சொல்லிப்புட்டேன்."

கொட்டகலைப் பள்ளிக்கூட அறை ஒன்றில் டொக்டரம்மா சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. பக்கத்தில் பல்லைக் குடைகிற இயந்திரம், தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்து ஓட்டுவது. அதைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

"புடுங்கிக் குடுத்துருங்கம்மா. சாணியில உருட்டி கூரைத் தகரத்து மேல வீசிட்டா வேற மொளைச்சிரும்" என்றார் அம்மா.

டொக்டரம்மா என் வாய்க்குள் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"இது பால்பல்லில்லை. ஆறு வயசிலை பின்னுக்கு முளைக்கிற பல்லு. ஒண்டும் விழாமல் தானா வாறதாலை எல்லாரும் பால்பல்லெண்டு நினைக்கினம். இதைப் பிடுங்கினால் பிறகு முளைக்காது. கிழவியாகுமட்டும் பிள்ளை இதாலைதான் சாப்பிட வேணும்."

அம்மாவின் முகம் மாறிப்போனது. அக்காவின் பல்லும் இதே இடத்துப் பல்தான். வீசிய பிறகு நாங்கள் எல்லோரும் புதுப்பல் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்...

"நீங்க இதுக்குன்னே படிச்சவங்களாம்மா?"

"ஓம். பல் டொக்டரான பிறகு சீமைக்குப் போய், சின்னப் பிள்ளையளின்ரை பல்லை மட்டும் ரெண்டு வருசம் படிச்சனான்."

"இத்துனூண்டு பல்லப் புடுங்கவா ரெண்டு வருசம்!"

"பிடுங்காமல் இருக்கத்தான்" என்று அவர் சிரித்தார். "இதை அடைச்சுவிடலாம். ஆனால் கொஞ்ச நேரம் எடுக்கும். நிப்பீங்களோ?"

அம்மா வாசல் பக்கம் வெயிலைப் பார்த்தார். நிறுவை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். என்னைப் பார்த்தார். நான் அவர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அடைங்கம்மா. கங்காணி வாய்க்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

என்னை யாரும் பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிசயம். டொக்டரம்மா குனிந்து என் உயரத்துக்கு வந்தார். "சுண்டுவிரலைத் தா பாப்பம்." இயந்திரத்தின் முனையில் குட்டிப் பிரஷ் ஒன்றை மாட்டி, காலால் மிதித்து, என் நகத்தின் மேல் ஓட்டிக் காட்டினார். கிர்ர்ர்...

"நோகுதோ?"

"கூசுதுங்க."

"வாயுக்குள்ளையும் உப்பிடித்தான். கனக்க நொந்தால் கையைத் தூக்கு, நிப்பாட்டுறன்."

நொந்தது. கையைத் தூக்கினேன். சொன்னபடியே நிறுத்தினார். ஒரு பெரிய மனுஷி என் கைக்குக் கட்டுப்பட்டு நின்றது அன்றைக்குத்தான். அதன் பிறகு பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. என் கன்னத்துக் கட்டை அவிழ்த்து அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டு ஓட, நான் வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். நிறுவை முடிந்திருந்தது. கங்காணி கத்தினார். "புடுங்கின பல்ல எங்க, காட்டு பாப்போம்!" அம்மா என் வாயைப் பிளந்து காட்டினார்.

அதற்குப் பிறகு அந்த டொக்டரம்மா எங்கள் பக்கம் வரவேயில்லை. பேரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நானும் ஐந்தாம் வகுப்போடு கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் பேத்தி. பல் டொக்டராகி, அதற்கும் மேலே பிள்ளைகளின் பல்லுக்கென்றே படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வரும்வரை அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. போன கிழமை பாஸ் என்று வந்தது. அப்பாடா... நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

வீட்டுக்கு வந்தவள் டோர்ச் அடித்து என் வாயைப் பார்த்தாள்.

"அம்மாச்சி, இத யாரு அடைச்சது? ஓரம்தான் கொஞ்சம் ஒடஞ்சிருக்கு. பல்லு கல்லு மாதிரி நிக்குது!"

அன்றைக்கு ஒரே ஒரு நாள், ஒரே ஒருவர் வந்தார். அக்காவுக்கு அந்த நாள் வாய்க்கவில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள்.

"பயந்த புள்ளைகளுக்கு முதல்ல என்ன செய்வோம் தெரியுமா அம்மாச்சி?" என்று ஆரம்பித்தாள்.

நான் சுண்டுவிரலை நீட்டினேன்.