லிடியாவிலும் ஒரு பொன்னுருக்கு

எனக்குப் பேசியிருந்த பெண் மொன்றியலில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரங்களின் தொடக்கம். லிடியா என்ற பழைய நாட்டைப் பற்றி வில்லரே நூலகத்தில், பிரெஞ்சில், ஒரு மணித்தியாலம் பேசும்படி அவளிடம் கேட்டிருந்தார்கள். நாலு பேர் கூடினாலே நா வறண்டுபோகிறவள் அவள்.

“முன்வரிசையில வந்து இருங்கோ. தெரிஞ்ச முகம் ஒண்டைப் பார்த்தால்தான் நான் கதைப்பன்,” என்றாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பெரியவர்கள் பிறகுதான் நாள் பார்த்தார்கள். பேச்சுக்கு முதல் நாள் பொன்னுருக்கு! சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டில், புகை வந்தால் அலறும் மணியின் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, தாலிக்கான பொன்னைப் பத்தர் உருக்கினார். அது முடிந்தால் கலியாணம் வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது.

“நூலகப் பக்கம் தலைவைச்சும் படுக்கக்கூடாது,” என்றார் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவள் வாய் திறக்காமல் நிண்டால் ஆர் பொறுப்பு?”

“நான் போய் இருக்கிறன். என்ரையும் தெரிஞ்ச முகந்தானே?”

அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்து, வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவரைக் கொண்டுபோய் இறக்கினேன். காரிலேயே இருக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் இருந்தேன். பிறகு மண்டபத்தின் மூடிய கதவுக்கு வெளியே போய் நின்றேன். பார்க்கத்தானே கூடாது, கேட்கலாமே.

உள்ளே சத்தமே இல்லை. கதவோடு இன்னும் ஒட்டி நின்றேன். கொஞ்சம் கழித்து மெல்லிய குரலில் “பொன்ஜூர்” என்றாள்.

லிடியர்களின் தலைநகரான சார்டிஸில், ஓடைக்கரையைத் தோண்டியபோது தரையில் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள் கிடைத்தனவாம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் பொன்னை உருக்கிச் சுத்தம் செய்த உலைகள். அந்தப் படத்தைத்தான் காட்டியிருக்க வேண்டும், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அம்மாவின் குரல் எழுந்தது.

“பிள்ளை, இது நேற்று எங்கட வீட்டில செய்ததெல்லே!”

அவள் சிரித்துவிட்டாள். அம்மா சொன்னதைப் பிரெஞ்சில் சொல்லி, பொன்னுருக்கு என்றால் என்னவென்றும் விளக்கினாள். சபையும் சிரித்தது. அதற்குப் பிறகு அவளை நிறுத்த ஆளில்லை. லிடியர்கள் உப்பைச் சேர்த்துச் சூடாக்கிப் பொன்னிலிருந்து வெள்ளியைப் பிரித்த விதத்தை, பக்கத்தில் நின்று பார்த்தவள்போலச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச்சு முடியுமுன் நல்ல பிள்ளையாகக் காருக்குத் திரும்பிவிட்டேன்.

கலியாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் அவள் காதோடு கேட்டேன். “நான் வரேல்லை எண்டு கோவமோ?”

“வரேல்லையோ? கதவுக்குக் கீழால உங்கட வேலைச் சப்பாத்து தெரிஞ்சது. அதைப் பார்த்துத்தான் பொன்ஜூரே சொன்னனான்.”