ஒரு சாண் குறைந்த கோர்ட்டு

டென்னிஸ் மார்க்கர் வேலை என்றால் பந்தைப் பார்க்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பந்தடிக்கிறவரின் முகத்தைப் பார்க்கிற வேலை. திருத்தணி ஆபீசர்ஸ் கிளப்பில் நான்தான் மார்க்கர். தரையில் உருளை ஓட்டுவது, சாணி கரைத்து மெழுகுவது, சுண்ணாம்பில் கோடு போடுவது, பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்வது, எதிராளி வராத நாளில் நானே எதிரே நின்று அடித்துப் பக்குவமாகத் தோற்பது, எல்லாம் என் பொறுப்பு. உங்களுக்கும் மேலே ஓர் அதிகாரி இருந்து, அவர் செருமினாலே எழுந்து நின்றுவிடுகிறவரானால் நீங்கள் நம்ம ஆள். தாராளமாக மேலே படிக்கலாம்.

தாசில்தார் பந்து

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். கிளப்புக்குச் செயலாளரே தாசில்தார்தான். அவரும் டாக்டரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் அடித்த பந்து கோட்டைத் தாண்டி இரண்டு முழம் போய் விழுந்தது. மணவூரிலிருந்து வந்த புதுசு, விவரம் போதாது. "அவுட்!" என்று கத்திவிட்டேன். டாக்டர் வானத்தைப் பார்த்தார். தாசில்தார் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னை நோக்கி மெதுவாக நடந்து வந்தார்.

எனக்கு என் அறைதான் நினைவுக்கு வந்தது. கிளப்புக்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை கொடுத்திருந்தார்கள். என் மனைவி பாக்கியத்தைப் பள்ளிப்பட்டிலிருந்து அழைத்து வந்து அங்கே குடிவைத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. என் அப்பா மணவூரில் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போகிறவர். இந்த வேலை போனால் அறையும் போகும். எனக்கும் அதே வயல், அதே வெயில். தாசில்தார் கோபப்படவில்லை. குனிந்து கோட்டைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கோடு நீ போட்டதுதானே கன்னியப்பா? கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன குறைஞ்சு போகுது?"

எட்டுக் கொடியும் ஒரு வாசனையும்

யுத்தம் முடியப்போகிற காலம். அரக்கோணம் பக்கத்துப் பட்டாள முகாமில் பல தேசத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். சண்டை இல்லாத நேரத்தில் அவர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க, தேசத்துக்குத் தேசம் விளையாட்டுப் போட்டி வைத்தார் முகாமின் இங்கிலீஷ்கார மேஜர். ஓட்டம், குத்துச்சண்டை, கால்பந்து எல்லாம் முகாமிலேயே. டென்னிசுக்கு மட்டும் அங்கே தரை கிடையாது. அது நம் தலையில் வந்து விழுந்தது. கோர்ட்டைச் சுற்றிக் கட்டச் சொல்லி எட்டு தேசத்துக் கொடிகள் வந்தன. எட்டிலும் நம்முடையது இல்லை. நம் சிப்பாய்கள் இங்கிலீஷ் கொடிக்குக் கீழேயே ஓடுவார்களாம். தாசில்தார் என்னைத் தனியே கூப்பிட்டார். ஒரு புகார் வந்தாலும் போதும், மறுநாள் காலை மணவூர் ரயிலில் நான் இருக்கவேண்டும் என்றார். பாக்கியத்துக்கு அப்போது ஏழு மாதம்.

முதல் நாளே மேஜர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெளிறிய கண். கூடவே வந்த ஆஸ்திரேலிய சார்ஜெண்ட் ஒருவர் கோர்ட்டு நடுவில் குந்தி உட்கார்ந்து தரையை முகர ஆரம்பித்தார். காலையில்தான் சாணி போட்டு மெழுகியிருந்தேன். துரைமார் ஆடுகிற இடத்தில் மாட்டுச் சாணியா என்று கேட்டால் என்ன சொல்வது? தாசில்தார் என்னை முறைத்தார். சார்ஜெண்ட் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னதைத் தாசில்தாரே தமிழில் சொன்னார்: "அவங்க வீட்லயும் மாடு இருக்காம். ஊர் ஞாபகம் வந்துடுச்சாம்."

எனக்கு ஒரு நாற்காலி

போட்டி நடந்த நான்கு நாளும் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். ஒரு பக்கம் காவடியும் அரோகராவும் மலையேறிக்கொண்டிருக்க, மறுபக்கம் எங்கள் கோர்ட்டில் பூட்ஸ் சத்தம். கோடு பார்க்கப் பட்டாளத்து ஆட்களையே உட்கார வைத்திருந்தார்கள். அமெரிக்கன் அடித்ததை அமெரிக்கன் உள்ளே என்பான், கனடாக்காரன் வெளியே என்பான். மூன்றாம் நாள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துவிட்டார்கள். நான் உருளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் இறுதி ஆட்டம். மேஜருக்கும் அந்த ஆஸ்திரேலிய சார்ஜெண்டுக்கும். கோடு பார்க்க யார் என்ற பேச்சு வந்தபோது மேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உருளைக்குப் பின்னால் தெரிந்த என் தலைப்பாகையைக் கை காட்டினார். முகாமிலிருந்து வந்த மர நாற்காலி ஒன்றைத் தெற்குப் பின்கோட்டுக்கு நேரே போட்டார்கள். அந்தக் கிளப்பில் நான் துடைக்காத நாற்காலி இல்லை, உட்கார்ந்த நாற்காலியும் இல்லை. சார்ஜெண்ட் சம்மதித்தார். மேஜர் சொன்னது எனக்கே புரிகிற அளவுக்கு எளிய இங்கிலீஷ்: "இவன் உட்காரட்டும். இவன் எந்த தேசத்துக்காரனும் இல்லை."

நாற்பத்தைந்தாவது அடி

இனி என் தப்பு. கிளப்பின் அளவு நாடா இற்றுப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யுத்த காலத்தில் புது நாடாவுக்கு எழுதிப் போட்டால் பதிலே வராது. என் மாமனார், பாக்கியத்தின் நைனா, தறிநூலைத் திரித்து ஒரு கயிறு கொடுத்திருந்தார். அதில் முப்பத்தொன்பது அடிக்கு ஒரு முடிச்சு. வலையிலிருந்து பின்கோடு வரைக்கும் அதுதான் அளவு. கோடு போடாத வேளையில் பாக்கியம் அதையே துணி காயக் கொடியாகக் கட்டிக்கொள்வாள். இறுதி ஆட்டத்துக்கு முந்தின இரவு மழை கொட்டியது. கிளப்பில் இருந்தது ஒரே தார்ப்பாய். அது வடக்குப் பாதியைக் காப்பாற்றியது. தெற்குப் பாதியில் கோடெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. விடிந்ததும் கொடியிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் போய் அளந்து, தெற்குப் பக்கம் புதிதாகக் கோடு போட்டேன். பிறகு வெயில் வந்தது, தரை காய்ந்தது. மலைமேல் இருக்கிற முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்று மணிக்கு நாற்காலிகள் நிரம்பிவிட்டன. வலையிலிருந்து பின்கோடு வரை பாதத்தோடு பாதம் ஒட்டவைத்து நடந்து பார்ப்பது என் பழக்கம். அந்த முப்பத்தொன்பது அடி என் பாதக் கணக்கில் நாற்பத்தாறு. தெற்கே நடந்தேன். நாற்பத்தைந்திலேயே கோடு வந்து காலை முட்டியது. மறுபடி நடந்தேன். நாற்பத்தைந்துதான். ஒரு சாண் குறைச்சல்! அழித்துப் போட நேரமில்லை, மேஜர் பந்தைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போதாக்குறைக்குக் கூட்டத்தில் தாலுகா ஆபீஸ் சர்வேயர் ராமையா நின்றுகொண்டிருந்தார். நிலம் அளந்தே தலை நரைத்தவர். வரப்பில் நின்று கண்ணாலேயே செண்டுக் கணக்கு சொல்லிவிடுவார். அவர் தெற்குப் பாதியையே பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது.

அறைக்கு ஓடினேன். பாக்கியத்தைக் கேட்டதும் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "காத்தால நீ கோடு போட்டுட்டு வந்து குடுத்தியே, அப்ப கொடி கட்டப் போனா ஆணிக்கு எட்டவே இல்ல பாவா. நனைஞ்சா நூலு இழுத்துக்கும்ல? இப்ப காஞ்சிட்டு பாரு, தொங்குது" என்றாள். ஈரக் கயிற்றில் அளந்திருக்கிறேன். தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்து எழுப்பினாள். "பந்து பாக்க வந்தவங்க கோட்டையா அளக்கப் போறாங்க? போய் உக்காரு பாவா."

அவுட்

ஆட்டம் மூன்று செட்டுக்கும் நீண்டது. எனக்கு ஒரே ஒரு ஆறுதல்: டென்னிசில் அடிக்கடி பக்கம் மாறுவார்கள். குட்டைப் பக்கத்துக் கஷ்டம் இருவருக்கும் சமம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பந்து தெற்கே வரும்போதெல்லாம் கோட்டின்மேல் விழாதே என்று வேண்டினேன். கடைசியில் சார்ஜெண்ட் ஜெயிக்க ஒரு புள்ளி பாக்கி. அவர் என் பக்கம், மேஜர் வடக்கே. மேஜர் ஓங்கி அடித்தார். சார்ஜெண்ட் அசையவில்லை. பந்து கோட்டுக்கு வெளியே நாலு விரல் தள்ளி விழுந்து, மெழுகின தரையில் வட்டமாகத் தடம் பதிந்தது. கோடு உரிய இடத்தில் இருந்திருந்தால் அது நல்ல பந்து. அந்த விஷயம் உலகத்தில் எனக்கும் பாக்கியத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. உள்ளே என்று சொன்னால் தடம் காட்டிக்கொடுக்கும். வெளியே என்று சொன்னால் மேஜர் தோற்கிறார், அதுவும் என் தப்பால். "அவுட்" என்றேன். மேஜர் வலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். தடத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கோட்டிலிருந்து வலை வரைக்கும் பார்த்தார். இந்தப் பக்கம் குட்டையாகத் தெரிகிறதே, எதை வைத்து அளந்தாய், கொண்டு வா என்றார்.

தாசில்தாரின் முகத்தில் மணவூர் ரயில் புறப்பட்டுவிட்டது. நான் அறைக்கு ஓடினேன். பாக்கியம் வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், அந்த வயிற்றோடு, கொடியை அவிழ்த்து முழுக் கயிற்றையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். பிழிந்து சுருட்டி என் கையில் கொடுத்தாள். நான் திரும்பி ஓடப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "ஓடாத பாவா. மெதுவா நடந்து போ. அது இழுத்துக்கணும்."

சர்வேயர் பிடித்த முனை

ஞாயிற்றுக்கிழமை, தாலுகா ஆபீஸ் பூட்டியிருந்தது. நிலம் அளக்கிற சங்கிலியை எடுக்க வழியில்லை. கயிற்றின் இன்னொரு முனையைப் பிடிக்க ராமையாவைக் கூப்பிட்டார் தாசில்தார். செத்தேன் என்று நினைத்தேன். ஆயுள் முழுக்க அளவு பார்த்தவர் கையில் ஈரக் கயிறு! நான் வலையடியில் ஒரு முனையை அழுத்திப் பிடித்தேன். அவர் முடிச்சை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு நடந்தார். பாதி வழியில் நின்று விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொடித் துணிகளை அள்ளிப் பிடித்து வேலியோரம் நின்ற பாக்கியத்தைப் பார்த்தார். ஒரு சுண்டு சுண்டி இழுத்தால் போதும், கயிறு நீண்டுவிடும். என் வேட்டி நனைந்தது கயிற்றுத் தண்ணீரால்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அவர் சுண்டவில்லை. நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் முடிச்சைக் கொண்டுபோய்க் கோட்டின்மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. கயிறு ஏன் ஈரம் என்று மேஜர் கேட்டார். கொடிக்கயிறு, துணி காய்கிறது என்றார் ராமையா. அதில் ஒரு பொய்யும் இல்லை. மேஜரின் கண் மெல்ல வடக்குப் பாதிக்குத் திரும்பியது. அங்கேயும் அளக்கச் சொன்னால் தீர்ந்தது கதை. ராமையா அதற்குள் கயிற்றை முழங்கையில் சுற்ற ஆரம்பித்திருந்தார். சுற்றிக்கொண்டே, சம்பளத்தை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி சாவதானமாகச் சொன்னார்: "கரெக்டா இருக்குது சார்."

நாற்காலி திரும்பிப் போனது

மேஜர் சார்ஜெண்டின் கையைக் குலுக்கினார். கோப்பையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். நான் அவருக்குச் செய்தது அநியாயம். அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, அறைதான் கண்ணில் நின்றது. மறுநாள் காலை கிளப் வாசலில் ஜீப் வந்து நின்றது. அளந்து பார்த்துவிட்டார்கள், பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பாக்கியம் பாத்திரங்களைக் கோணியில் போட ஆரம்பித்துவிட்டாள். வந்த சிப்பாய் எட்டுக் கொடிகளையும் அவிழ்த்துக்கொண்டான். நான் உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கி ஜீப்பில் போட்டான். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் தாலுகா ஆபீஸ் போய் ராமையாவைப் பார்த்தேன். அவர் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். காலைத் தொடப் போனேன், விடவில்லை. உங்களுக்கு ஏன் சார் இந்த வம்பு, தெரிந்திருந்தால் உங்கள் வேலையும் போயிருக்குமே என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டதும் நான் சட்டென்று எழுந்து கதவுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். அந்தக் காலத்தில், அந்த ஆபீசில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா அது? "பள்ளிப்பட்டுல ஒரு சாண் வரப்புக்கு அண்ணனும் தம்பியும் அரிவாள் தூக்கினு நின்னாங்க, நான்தான் போய் அளந்தேன். அது அவங்க பாட்டன் மண்ணு, கேக்கறாங்க. இவங்க ரெண்டு பேரும் யார் மண்ணுலடா சாண் கணக்கு பாத்துகினு இருக்காங்க?"

அந்த அறையில் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்து போய்விட்டார்கள், கொடிகளும் மாறிவிட்டன, ஆனால் மழை நாளில் கொடிக்கயிறு நனைந்து இழுத்துக்கொள்வதைப் பார்த்தால் நானும் கூடவே ஒரு சாண் சுருங்கிவிடுகிறேன்.