தொண்டை கட்டிய வாரம்

ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் வருடம், நான் நன்றாகப் பாடம் நடத்துகிறேன் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்குக் காரணம் என் குரல். ஆறாம் வகுப்பில் நான் பின்னம் நடத்தினால் சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் கேட்கும். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பேன். பிள்ளைகள் ஒரே குரலில் புரிந்தது என்பார்கள். இரண்டு தரப்புக்கும் அதில் திருப்தி.

பிறகு ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா? ஏறக்குறைய எல்லோரும் நான்கில் ஒன்று என்றே எழுதியிருந்தார்கள். மூன்றைவிட நான்கு பெரியதாயிற்றே. மறுபடியும் முதலிலிருந்து நடத்தினேன், இன்னும் உரக்க. மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. கள்ளக்குறிச்சியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார். எடுக்க லீவும் மிச்சமில்லை.

மறுநாள் கரும்பலகையில், "என்னால் பேச முடியாது. யாராவது வந்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்" என்று எழுதிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். "உள்ளேன்" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

சாக்பீஸை எடுத்தாள். இல்லாத முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். பிறகு, எதையுமே சொல்லித்தராமல், மேலும் கீழும் தலையை ஆட்டி "புரிஞ்சுதா?" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என்னைத்தான் செய்து காட்டுகிறாள் என்று உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இப்படித் தலையை ஆட்டிக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? திட்டுவதற்குக் குரல் இல்லை. சிரித்தாலோ தொண்டை வலித்தது.

அவள் பலகையில் நீளமாக ஒரு கரும்பு வரைந்தாள்.

"ஒரு கரும்ப மூணு பேரு வெட்டிக்கினா ஜாஸ்தி கிடைக்குமா, நாலு பேரு வெட்டிக்கினா ஜாஸ்தி கிடைக்குமா?"

மூன்று பேர் என்று கத்தினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முன் வரிசைக்காரி ஒருத்தி எழுந்து, நுனித்துண்டு யாருக்கு என்று கேட்டுவிட்டாள். நுனி சப்பென்று இருக்கும். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரே நீளம் இருந்தால் சமம் என்றது ஒரு கட்சி. "இனிப்பு கம்மியா இருந்தா அது இன்னா சமம்?" என்றது மற்றது. சமபாகம் என்று மூன்று நாள் நான் கத்தியபோது யாரும் கொட்டாவியைக்கூட நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். வாசலில் நின்று வழக்கை விசாரித்தார். அவர் வீட்டில் கரும்பு விவசாயம். நுனியை முதலிலேயே கழித்துவிட்டுப் பங்கு போட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தப் பெண் விடவில்லை. "கழிச்சதுக்கு அப்பறம் இருக்கறதுலதாங்க சார் ஆளுக்குக் கால் பங்கு. முழுக் கரும்புல இல்லீங்க."

அவர் யோசித்தார். என்னைப் பார்த்தார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் தம் அறைக்குத் திரும்பினார்.

குரல் திரும்பியதும் எனக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. கேள்வியைக் கேட்டுப் பதிலையும் நானே சொல்லும் பழக்கத்தை விடுவதற்காக, மனதுக்குள் பத்து வரை எண்ணுவது என்று வைத்துக்கொண்டேன். தலையையும் ஆட்டக் கூடாது. ஐந்து வரும்போதே வாய் அரிக்கும். இன்னும் தொண்டை சரியாகவில்லையா என்று தலைமையாசிரியர் அக்கறையோடு விசாரித்தார். முதல் நாள் ஒன்பது எண்ணும்போது ஒரு கை உயர்ந்தது. ஒன்னுக்குப் போக வேண்டுமாம். அனுப்பினேன். மறுநாள் எட்டில் இரண்டு கைகள். ஒன்று கணக்குக்காகவே உயர்ந்திருந்தது.

"அந்த ரெண்டாவது வரி எப்பிடி வந்திச்சு டீச்சர்?"

அன்று அந்த ஒரு வரியிலேயே மணி அடித்துவிட்டது.