இருபத்திரண்டு விநாடி

டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஸ்டாப் வாட்ச்சுடன் குத்துச்சண்டை ரிங் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார் மாமா. வானொலியில் மணி ஒலித்துச் செய்தி தொடங்கும்வரை வாயே திறக்க மாட்டார். தன் கைக்கடிகாரத்தை அதோடு சரிபார்த்துவிட்டுத்தான், 'ஆரம்பிக்கலாம்' என்று நடுவருக்குத் தலையசைப்பார். மேடையில் மாலை போடக் காத்திருக்கும் பிரமுகர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவருக்கு அக்கறை இல்லை. மந்தைவெளியில் வீடு, அரசாங்க வேலை, மேல்சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. குத்துச்சண்டைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் டைம் கீப்பர் மாமா. ரவுண்டு தொடங்க ஒரு மணி, முடிய ஒரு மணி, நடுவில் மூன்று நிமிடம். அதில் ஒரு விநாடி கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார்.

நான் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்த நேரம் அப்படி. தொண்ணூறுகளின் தொடக்கம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருந்தவர்கள் முன்பெல்லாம் கூட்டமாக வந்து பார்ப்பார்களாம். நான் கையுறை மாட்டிய பிறகு அவர்களெல்லாம் மேன்ஷன் வரவேற்பறையில் கேபிள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கிரிக்கெட் மேட்ச் இருக்கிற நாளில் எங்களைச் சீந்த ஆள் கிடையாது. வாடகை நாற்காலிக்காரர் விவரமானவர். பாதி நாற்காலியை வண்டியிலிருந்து இறக்கவே மாட்டார். "வந்தா எறக்கிக்கலாம் நைனா" என்பார். ஒரு நாளும் இறக்கியதில்லை. ஆறு வருடத்தில் நான் மோதிய ஆட்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர்தான், அவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். ஜெயித்தாலும் ஒன்றும் ஆகவில்லை, தோற்றாலும் ஒன்றும் ஆகவில்லை. சாம்பியன் பட்டப் போட்டி வரும், பெரிய ஊரிலிருந்து கூப்பிடுவார்கள் என்று சங்கச் செயலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் நம்பிக்கொண்டே இருந்தேன்.

கடைசிச் சண்டை திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில், சாயங்காலம். எதிரில் பெரம்பூர்க்காரன். என்னைவிட ஐந்து வயது சின்னவன், கை நீளம். என் மூலையில் அண்ணன் நின்றான். துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று அண்ணனிடம் சத்தியமே வாங்கியிருந்தேன். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. நான்காவது ரவுண்டில் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. கயிற்றில் சாய்ந்துவிட்டேன். அவன் அந்தக் கண்ணைப் பார்த்தே அடித்தான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நடுவர் நிறுத்தவில்லை. வந்திருந்த நூறு பேரும் பாதியில் நிறுத்தினால் சத்தம் போடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அப்போது மணி அடித்தது.

எப்படியோ முக்காலியில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு இன்னா கெழமைடா?" என்று கேட்டான். யோசித்து யோசித்துப் பார்த்தேன். "மேட்ச் நாளு" என்றேன். அண்ணன் என் கையுறையின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். "போதும் நைனா. வூட்டுக்குப் போலாம்." சத்தியமாவது ஒன்றாவது. நான் கத்தினேன், திட்டினேன். அடுத்த ரவுண்டில் பெரம்பூர்க்காரனைச் சாய்த்திருப்பேன் என்று ஒரு வாரம் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஒரு வாரமும் இடது கண்ணில் கருப்பாக ஏதோ மிதந்தது. அண்ணன் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினான். விழித்திரையில் கிழிசல் என்றார் அவர். "இன்னும் ஒண்ணு ரெண்டு அடி சரியா விழுந்திருந்தா இந்தக் கண்ணு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, லேசர் வைத்துக் கிழிசலைச் சரிசெய்தார். இனி ரிங் பக்கமே போகக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்துச் செயலாளர் பார்க்க வந்தார். "இந்த மனுசனை இன்னான்னு சொல்றது?" என்று சிரித்தபடி ஒரு காகிதத்தை நீட்டினார். மாமாவின் கையெழுத்து, முத்து முத்தாக. நான்காவது ரவுண்டின் மணியைத் தாம் இருபத்திரண்டு விநாடி முன்னதாக, தெரிந்தே அடித்துவிட்டதாகவும், ஆகவே பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் எழுதியிருந்தார். யாரும் அவர்மேல் புகார் சொல்லவில்லை. ஜெயித்தவன் ஏன் சொல்லப்போகிறான்? கூட்டம் வந்த காலத்தில் முன்வரிசையில் பத்துப் பேராவது தங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அன்று முன்வரிசையே காலி. எங்கள் ஆட்டத்தை யாரும் பார்க்க வரவில்லையே என்று எத்தனையோ நாள் வயிறெரிந்திருக்கிறேன். அந்தக் காலி நாற்காலிகள்தான் என் கண்ணைக் காப்பாற்றின என்று நினைத்தபோது யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

மறுநாளே ஆப்பிள் வாங்கிக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன்.

"வாடாப்பா. கண்ணு தெரியறதா?" என்றார். தெரியுது என்று சொல்லிவிட்டு நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் சொல்லாதே. நான் பண்ணினது தப்பு. அந்தப் பெரம்பூர்ப் பிள்ளையும் எத்தனை நாள் வயித்தைக் கட்டி எடையைக் குறைச்சுண்டு வந்திருப்பான்? அவனோட நேரத்தைன்னா திருடி உனக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு மாமா அடிச்சீங்க?"

"உன் மூஞ்சியைப் பாத்துட்டேன்டா. டைம் கீப்பர் வாட்சைத்தான் பாக்கணும், மூஞ்சியைப் பாக்கப்படாது. இனிமே உக்காந்தா மறுபடியும் பாப்பேன். அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

ஆப்பிளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் தளக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். என் ஆறு வருடச் சண்டைகளுக்கு வந்த கூட்டத்தைவிட ஒரு தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் மாடிப்படியில் ஏறுகிற கூட்டம் அதிகம். அத்தனை முகங்களையும் இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன். மாமா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. இருந்தவரை என்னை நன்றி சொல்ல விட்டதில்லை, ஒவ்வொரு முறையும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். இதை எழுதும்போது நிறுத்த அவர் இல்லை. ரொம்ப நன்றி, மாமா.