பூஜையில் வைத்த கிரீஸ் கன்

அடையாறில் நான் வேலை பார்த்த வளாகத்தில் மனிதர்களைவிடப் புல்தான் அதிகம். தொண்ணூறுகளின் நடுவில் அதை வெட்டுவதற்கு டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ஒரு இயந்திரத்தை வாங்கினார்கள். வேறு எங்கோ ஓடிக் களைத்துப்போன பழைய சரக்கு. குறுக்கே கனமான ஒரு உருளை, அதைச் சுற்றித் தொங்கும் இரும்புக் கத்திகள். உருளை சுழன்றால் கத்திகள் விரிந்து புல்லை அடித்து நொறுக்கும். உருளையின் இரண்டு முனைகளையும் இரண்டு பேரிங்குகள் தாங்கிக்கொண்டிருந்தன. ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் என்கிற முறையில் அவற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அதை ஓட்டியவர் திருவான்மியூர் குப்பத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். கடலுக்குப் போகாமல் தினக்கூலியாக எங்களிடம் வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இயந்திரம் நல்லபடியாக ஓடினால் அந்த வருஷக் கடைசியில் அவரை நிரந்தரம் செய்துவிடலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் அதைக் கண்டம் செய்து பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு புல்வெட்டும் வேலையை கான்ட்ராக்டில் விட்டுவிடுவார்கள். அதனால் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் டிராக்டரைக் கிளப்புவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் கிரீஸ் அடித்து, வழிந்ததைத் துணியால் துடைப்பார். எனக்கு அதில் குறை சொல்ல எதுவுமே கிடைத்ததில்லை. குறை கண்டுபிடிப்பதில் நான் சளைத்தவனும் அல்ல.

அந்த வருஷம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. ஆபீஸ் வழக்கப்படி முதல்நாள் புதன்கிழமையே பூஜையை முடித்துவிடுவோம். மைலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் பூஜை விஷயத்தில் என் அதிகாரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். இயந்திரத்தில் ஒரு புல் ஒட்டியிருக்கக் கூடாது என்று சொல்லி, தீயணைப்புக் குழாயை நானே கையில் பிடித்துப் பீய்ச்சி அடித்தேன். உருளையின் முனைகளில் சுற்றிக்கொண்டிருந்த புல் லேசில் வரவில்லை. அங்கே கிட்டப் போய் நின்று ரொம்ப நேரம் அடித்தேன். பளபளவென்று ஆனதும் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஸ்பேனர், புல்லர், சுத்தி, கிரீஸ் கன் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக இருந்தன.

பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்த பிறகு ஓட்டுநர் மட்டும் என்னிடம் வந்து கிரீஸ் கன்னைக் கேட்டார்.

"தண்ணி உள்ளாற பூந்துகினு இருக்கும் சார். ரெண்டே ரெண்டு அடி அடிச்சிட்டு, தொடச்சி அங்கயே வெச்சிட்றேன்."

பூஜையில் வைத்ததைப் புனர்பூஜைக்கு முன்னால் தொடக் கூடாது, இத்தனை வருஷமாக இருந்து இதுகூடத் தெரியாதா என்று கடிந்துகொண்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். வெள்ளி விஜயதசமி, பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலைதான் ஷெட்டைத் திறந்தோம். நாலு நாளும் மழை பெய்திருந்தது. முதல் வேலையாக அவர் கிரீஸ் அடித்தார்.

பத்து நாள் கழித்து இடது பக்கம் கரகரவென்று சத்தம் வந்தது. மறுநாள் மைதானத்தின் நடுவில் கிரீச்சென்று அலறி நின்றுவிட்டது. பேரிங் இறுகி, அதற்குள்ளேயே உருளையின் ஷாஃப்ட் சுழன்று தேய்ந்து, தொட்டால் கை பொத்துப்போகிற சூடு. அதிகாரி எல்லோர் எதிரிலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். பராமரிப்பு என்ன லட்சணத்தில் நடக்கிறது என்று எழுத்தில் விளக்கம் கேட்டார். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்து, ஓட்டுநர் உரிய நேரத்தில் கிரீஸ் அடிக்காததால் பேரிங் பழுதானது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஷாஃப்டில் தேய்ந்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைசல் பிடிக்க வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை இருந்தது. உருளையைக் கொண்டுபோக அவரே தன் குப்பத்திலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். அந்தச் சந்தில் வண்டியை விட இடமில்லாததால் அவர் தெருமுனையில் காத்திருந்தார். லேத்காரர் பழைய பேரிங்கை உடைத்து, உள்வளையத்தை என் கையில் கொடுத்தார். குண்டு ஓடும் பாதை முழுக்கத் துருப் புள்ளிகள்.

"கிரீஸ் இல்லாம போன பேரிங் இல்ல சார் இது. தண்ணி பூந்து, நாலஞ்சு நாள் அப்டியே ஊறிக்கீது. அன்னிக்கே புது கிரீஸ் அடிச்சி தண்ணிய வெளிய தள்ளியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியருகே நின்றிருந்தவர், ஷாஃப்ட் தேறுமா என்று ஆவலாகக் கேட்டார். தேறும் என்று மட்டும் சொன்னேன். வழியெல்லாம் சொல்ல வாயெடுத்து, சைதாப்பேட்டை வந்ததும் சொல்லலாம், அடையாறு வந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம் அதிகமாக இருந்தது.

மறுநாள் அதிகாரியிடம் போய், நான் எழுதியது தவறு, திருத்தி எழுதித் தருகிறேன் என்றேன். ஃபைல் மேலே போய்விட்டது என்றார். இப்போது மாற்றி எழுதினால் முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று என்னைத்தான் கேட்பார்கள் என்றார். இன்னொரு தடவை வற்புறுத்தியிருக்கலாம். எழுந்து வந்துவிட்டேன்.

ஷாஃப்ட் வந்ததும் இரண்டு பக்கமும் புது பேரிங் போட்டேன். ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றுவது என் வழக்கம், அந்த முறை இரண்டையும் மாற்றினேன். சுத்தியால் தட்டி ஏற்றாமல், எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, தானாக வழுக்கி உட்கார வைத்தேன். அவர் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பேரிங் ஹவுசிங் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, என் கையையும் பிடித்து வைத்தார். சூடே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது நாள், மேலே போன ஃபைலின்மேல் உத்தரவு வந்தது. இயந்திரம் கண்டம். புல்வெட்டு கான்ட்ராக்ட். ஓட்டுநர் மாதக் கடைசியோடு நிறுத்தம், காரணம் கவனக்குறைவு. என் வாக்கியத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ஸ்டோரில் சாமான்களை ஒப்படைக்க வந்தார். மறுபடியும் கடலுக்குப் போகப் போகிறாரா என்று கேட்டேன். இந்த வயசில் யார் படகில் ஏற்றுவார்கள் என்றார். கிரீஸ் கன்னை மேஜைமேல் வைத்தார். நான் அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று உருப்போட்டு வைத்திருந்தேன். அந்தத் துரு வளையம் என் டிராயரில்தான் இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க எழுதினது கரெக்ட்டுதான் சார். கிரீஸ் அடிக்காதது நான்தானே. உங்கள கேட்டுக்கினு நிக்காம அன்னிக்கே அடிச்சிருக்கணும்."

நான் தலையாட்டினேன். ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு கிரீஸ் கன்னை எடுத்து அலமாரியில் வைத்தேன். வழக்கம்போலத் துடைத்து, முழுக்க நிரப்பிக் கொடுத்திருந்தார்.